சமையல் மேடையின் ஓரம்

அனுபவமுள்ள விவசாயி நன்செய் நிலத்தைப் பார்க்கச் சென்றால் முதலில் பயிரைப் பார்ப்பதில்லை, வரப்பைப் பார்க்கிறார். வரப்பு உறுதியாயிருந்தால் நீர் நிற்கும். நீர் நின்றால் பயிர் நிற்கும். வரப்பில் ஒரு நண்டு வளை இருந்தால் போதும், இரவோடிரவாக வயல் வற்றிவிடும். நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் கட்டப்பெறும் சமையல் மேடைக்கும் அத்தகைய வரப்பு ஒன்று உண்டு. அதுதான் மேடையின் முன் ஓரம். மேடை முழுவதும் பளபளப்பான டைல் பதித்துவிட்டு, இந்த ஓரத்தை மட்டும் ஏனோதானோவென்று விட்டுவிடுவது நம்மிடையே பரவலாகக் காணப்படும் ஒரு குறையாகும். அக்குறையை எவ்வாறு நீக்குவது, ஓரத்தை எம்முறையில் முடிப்பது என்பதை ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கும், வீடு கட்டும் விவசாயிகளுக்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நின்று சமைக்கும் காலம்

ஒரு தலைமுறைக்கு முன்பு வரை கிராமத்து வீடுகளில் சமையல் பெரும்பாலும் தரையில் அமர்ந்தே நடைபெற்றது. மண் அடுப்பும், அம்மியும், அரிவாள்மணையும் தரையிலேயே இருந்தன. எரிவாயு அடுப்பு வந்ததும் இந்த நிலை மாறியது. 2016-ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கப்பெற்ற உஜ்வலா திட்டத்தின் வாயிலாக எளிய குடும்பங்களுக்கும் எரிவாயு இணைப்புக் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் தொடங்கிய பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டத்தில், ஒரு வீட்டின் குறைந்த அளவுப் பரப்பு 20 சதுர மீட்டரிலிருந்து 25 சதுர மீட்டராக உயர்த்தப்பட்டது. சுகாதாரமான சமையலிடமும் அதில் அடங்கியிருக்க வேண்டும் என்று வகுக்கப்பட்டது. பள்ளிகளிலோ 1982 முதல் சத்துணவுத் திட்டம் நடைபெற்று வந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று காலை உணவுத் திட்டமும் தொடங்கியது.

இவ்வாறு, நின்றுகொண்டு சமைப்பதற்கான மேடை இன்று சிற்றூர்களிலும் சாதாரணமாகிவிட்டது. மேடை வந்த வேகத்தில், அதை முடிக்கும் முறை நம்மிடம் வந்து சேரவில்லை. நம் பழைய கொத்தனார்கள் திண்ணையின் ஓரத்தைச் சுண்ணாம்புக் காரையால் உருட்டி, மழமழவென்று தேய்த்து முடித்தார்கள். அதில் உட்காருபவரின் தொடையும் காலும் படும் என்பதை அவர்கள் நினைவிற் கொண்டார்கள். அந்த நினைவு சமையல் மேடையிலும் நமக்கு வேண்டும்.

நான் கற்ற பாடம்

என் பொறுப்பிலிருந்த ஓர் ஒன்றியத்தில் பள்ளிச் சமையற்கூடம் ஒன்று பழுது பார்க்கப்பட்டது. பழைய காங்கிரீட் மேடை மீது வெள்ளை டைல் பதித்தார்கள். வேலை முடிந்ததும் நேரிற் சென்று பார்த்தேன். மேற்பரப்பு கண்ணாடிபோல் இருந்தது. மனநிறைவுடன் பட்டியலில் கையொப்பமிட்டேன். ஓரத்தை நான் பார்க்கவில்லை.

ஆறு மாதம் கழிந்தது. முன்புறத்தில் ஒட்டியிருந்த டைல் பட்டைகளில் இரண்டு விழுந்துவிட்டன. மூன்றாவது பாதி உடைந்து, கத்திபோல் நீட்டிக்கொண்டிருந்தது. ஒருநாள் சமையல் உதவியாளரான அம்மையார் குழம்புப் பாத்திரத்தை மேடையிலிருந்து இழுத்து இறக்கும்போது, அவருடைய உள்ளங்கை அந்த முனையில் பட்டுக் கிழிந்தது. நான்கு தையல்கள் போட வேண்டியதாயிற்று. செய்தியறிந்து நான் சென்றபோது, கட்டுப் போட்ட கையோடு அவர் வேலைக்கு வந்திருந்தார். "மேடையெல்லாம் நல்லாத்தானுங்க இருக்கு ஐயா; ஓரந்தான் கையைக் கடிக்குது" என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். எனக்குத்தான் தலை குனிந்தது.

கொத்தனாரை வரவழைத்து விசாரித்தேன். அவர், "மதிப்பீட்டில் ஓரத்துக்கென்று எதுவும் எழுதவில்லையே ஐயா, மிச்சம் விழுந்த துண்டுகளை ஒட்டி மறைத்தேன்" என்றார். மதிப்பீட்டை எடுத்துப் பார்த்தேன். மேற்பரப்பு இத்தனை சதுர மீட்டர், சுவர்ப் பதிப்பு இத்தனை சதுர மீட்டர் என்று இருந்தது. ஓரத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. எழுதப்படாத வேலை செய்யப்படாத வேலை ஆகிவிட்டது. பிழை கொத்தனாருடையது மட்டுமன்று. மதிப்பீட்டை ஏற்றுக் கையொப்பமிட்ட என்னுடையதுமாகும்.

ஓரத்தின் மூன்று கடமைகள்

மேடையின் ஓரத்துக்கு மூன்று கடமைகள் உண்டு. முதலாவது, அடியைத் தாங்குதல். பாத்திரங்களை ஏற்றும்போதும் இறக்கும்போதும் முதலில் மோதுவது ஓரத்தில்தான். இரண்டாவது, நீரை வழியவிடுதல். மேடையைக் கழுவும் நீர் ஓரத்தில் வழிந்து, கீழே சொட்டிவிட வேண்டும். மேடையின் அடிப்புறமாக உள்ளே ஊர்ந்து செல்லக் கூடாது. அவ்வாறு ஊர்ந்தால் காங்கிரீட்டினுள் உள்ள கம்பி நாளடைவில் துருப்பிடித்துப் பருக்கும். காரை வெடித்து விழும். மூன்றாவது, கையையும் உடலையும் காத்தல். 80 முதல் 85 சென்டிமீட்டர் உயரமுள்ள மேடையின் ஓரம், நின்று சமைப்பவரின் இடுப்பருகே இருக்கிறது. மூன்று வயதுக் குழந்தைக்கோ முகத்துக்கு நேராக இருக்கிறது. அங்கன்வாடிகளில் இதனை ஒருபோதும் மறக்கலாகாது.

இம்மூன்றையும் கெடுப்பது பெரும்பாலும் ஒரே காரணந்தான்: டைலுக்குப் பின்னாலுள்ள வெற்றிடம். நான்கு மூலைகளிலும் நடுவிலும் உருண்டை உருண்டையாகக் கலவையை அப்பி டைலை ஒட்டுவது பலருடைய வழக்கம். உருண்டைகளுக்கு இடையே காற்று நிற்கும். அந்த இடத்தில் பாத்திரம் மோதினால் டைல் உடையும். இணைப்பு வழியே நீர் புகுந்தால் அங்கேயே தங்கும். கரப்பானும் எறும்பும் குடியேறும். வரப்பிலுள்ள நண்டு வளைக்கும் இதற்கும் வேறுபாடில்லை.

டைலைத் தேர்ந்தெடுத்தல்

கடையில் எல்லா டைல்களும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் அவை நீரை உறிஞ்சும் அளவில் பெரிதும் வேறுபடுகின்றன. சுவருக்கான பீங்கான் டைல் தன் எடையில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேலும் நீரை உறிஞ்சக் கூடியது; மேற்பூச்சு நீங்கினால் உள்ளிருக்கும் மண் பாகம் மென்மையானது. விட்ரிஃபைடு டைல் என்பது மிகுந்த வெப்பத்தில் சுட்டு இறுக்கப்பட்டது. அது உறிஞ்சும் நீர் நூற்றுக்கு அரைப் பங்கு அல்லது அதற்கும் குறைவு. மேடைக்கும் ஓரத்துக்கும் இந்த இரண்டாம் வகையே ஏற்றது. ஐயமிருந்தால் டைலைத் திருப்பிப் பின்புறத்தில் சிறிது நீர் விட்டுப் பாருங்கள். நீர் விரைவில் உள்ளிழுக்கப்பட்டால் அது சுவர் டைல் என்று அறியலாம்.

உடலின் நிறமும் மேற்புறத்தின் நிறமும் ஒன்றாயிருக்கும் டைல் கிடைத்தால் நல்லது. வெட்டிய பக்கமும், பின்னாளில் நேரும் சிறு சிதைவும் அதில் எடுப்பாகத் தெரியா. ஆத்தங்குடி டைல் அழகு மிக்கது, தரைக்கு ஏற்றது. ஆனால் அது சூளையில் சுடப்படாத சிமெண்டுப் பொருளாதலால், புளியும் எண்ணெயும் மஞ்சளும் படும் மேடைக்கு ஏற்றதன்று. பழைய மேடைகளில் கடப்பைக் கல் இருப்பதைக் காண்கிறோம். அது சுண்ணாம்புப் பாறை வகை. எலுமிச்சைச் சாறும் புளிக் கரைசலும் பட்ட இடத்தில் மெருகு அழிந்து வெளுக்கும்.

வாங்கும்போது பெட்டிகளின் மீதுள்ள தொகுதி எண் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். தொகுதி மாறினால் நிறமும் அளவும் சற்றே மாறும். இரண்டு மூன்று டைல்களை மிகையாக வாங்கிப் பத்திரப்படுத்துவது பிற்காலப் பழுதுக்கு உதவும்.

ஓரத்தை முடிக்கும் முறைகள்

முதல் முறை: முன்புறத்தில் ஒரு டைல் பட்டையை ஒட்டி, மேல் டைல் அதன் தலையை மூடுமாறு பதிப்பது. இது எல்லா ஊரிலும் எவரும் செய்யத்தக்கது. இதில் ஒரு விதியை மட்டும் மறவாதிருக்க வேண்டும். மேல் டைல்தான் பட்டையை மூட வேண்டுமேயன்றி, பட்டை மேல் டைலின் பக்கத்தை மூடக் கூடாது. பட்டை வெளியே நின்று மூடினால் இணைப்புக் கோடு மேடையின் மேற்பரப்பில் அமையும். நீர் அதன்மீது தேங்கிநின்று உள்ளே இறங்கும். மேல் டைல் மூடினால் கோடு முன்புறத்தில் அமையும். நீர் தேங்காமல் வழிந்துவிடும். கூரையில் மேல் ஓடு கீழ் ஓட்டின் தலையை மூடுவதும் இதே காரணத்தால்தான்.

இரண்டாம் முறை: படிக்கட்டுக்கென விற்கப்படும், ஒரு பக்கம் உருட்டி வார்த்த டைலை மேடையின் முன்வரிசைக்குப் பயன்படுத்துவது. தொழிற்சாலையிலேயே ஓரம் உருட்டப்பட்டிருப்பதால் கையைக் கிழிக்காது. 300 மில்லிமீட்டர் அகலமுள்ளதை முன்வரிசையாகவும், சாதாரண டைலைப் பின்வரிசையாகவும் வைத்தால் மேடையின் அகலம் நிறைந்துவிடும். வழுக்காமலிருக்கக் கோடு கிழித்த படி டைல்களும் உண்டு. அக்கோடுகளில் அழுக்குத் தங்குமாதலால் கோடில்லாததையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

மூன்றாம் முறை: டைலின் ஓரங்களை 45 பாகை சாய்வாக அறுத்துப் பொருத்துவது. பார்வைக்கு இதுவே மிக அழகானது. ஆனால் சாய்த்து அறுத்த முனை மெலிந்திருக்கும். குக்கர் மோதினால் செதில் செதிலாகப் பெயரும். துல்லியமான இயந்திரமும் தேர்ந்த கையும் இல்லாவிடில் இதனை மேற்கொள்ள வேண்டாம். பள்ளிச் சமையற்கூடத்துக்கு இது அறவே வேண்டாம்.

நான்காம் முறை: உலோகப் பட்டி வைத்து முடிப்பது. துருப்பிடிக்காத எஃகுப் பட்டி நன்று. அலுமினியத்தை ஈரச் சிமெண்டு அரிக்கும். கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் அரிக்கும். பிளாஸ்டிக் பட்டி அடுப்பருகே வெப்பத்தால் இளகும். எந்தப் பட்டியானாலும் டைல் பதிக்கும்போதே அதன் கால் டைலுக்கு அடியில் பசையில் அழுந்தியிருக்க வேண்டும். பின்னர் மேலே ஒட்டினால் நிலைக்காது.

ஐந்தாம் முறை: முன்புறத்தில் மட்டும், அரைவட்டமாக உருட்டி மெருகிட்ட கிரானைட் பட்டையைப் பதித்து, அதன் பின்னால் டைல் பதிப்பது. கிரானைட் நம் மாநிலத்திலேயே வெட்டியெடுக்கப்படும் கல். பெரிய பாத்திரங்கள் நாள்தோறும் இழுபடும் சமையற்கூடங்களுக்கு இதுவே சிறந்தது. கல் கனமானது, டைல் மெல்லியது. ஆகவே கல்லுக்கு அடியிலுள்ள காங்கிரீட்டைச் சற்றே கொத்தித் தாழ்த்தி, இரண்டின் மேற்பரப்பும் ஒரே மட்டமாக அமையுமாறு செய்ய வேண்டும்.

சாதாரண வீட்டுக்கு முதல் முறையோ இரண்டாம் முறையோ போதும். முதல் முறையைச் செய்யும் விதத்தை இனி விவரமாகக் காண்போம்.

அளவும் கணக்கும்

காங்கிரீட் பலகையின் கனம் 75 மில்லிமீட்டர் என்று கொள்வோம். மேலே பரப்பும் பசைக்கு 5, கீழே தொங்கவிடுவதற்கு 10 எனச் சேர்த்தால் பட்டையின் அகலம் 90 மில்லிமீட்டர் ஆகும். இந்தப் 10 மில்லிமீட்டர் தொங்கல் மிக முக்கியமானது. வீட்டின் இறவாணம் சுவரைத் தாண்டி நீண்டிருப்பதால்தான் மழைநீர் சுவரில் இறங்காமல் வெளியே சொட்டுகிறது. பட்டையின் தொங்கலும் அவ்வாறே நீரைப் பலகையின் அடிப்புறம் ஊர விடாமல் சொட்டச் செய்கிறது.

பட்டையை வெட்டும்போது, டைலின் தொழிற்சாலை ஓரம் கீழ்ப்புறமாக வருமாறு வெட்ட வேண்டும். கரடான வெட்டு ஓரம் மேலே நின்று, மேல் டைலின் அடியில் மறைந்துவிடும். 600 மில்லிமீட்டர் சதுர டைல் ஒன்றில் எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து இரண்டு பட்டைகள் எடுக்கலாம். 3 மீட்டர் நீள மேடைக்கு ஐந்து பட்டைகள் தேவை. ஆக மூன்று டைல்கள் போதும். நடுவில் எஞ்சும் துண்டுகள் சுவரோரத்துக்கு உதவும். மெல்லிய பசைப்படுகையாயின், மேடையின் மேற்பரப்புக்கும் ஓரத்துக்கும் சேர்த்து 20 கிலோ டைல் பசைப் பை ஒன்றே போதுமானது.

புதிதாக மேடை கட்டுவோர் மற்றொன்றையும் கருதலாம். பட்டையின் கனமும் அதன் பசையும் சேர்ந்து சுமார் 15 மில்லிமீட்டர் முன்னே வரும். ஆகவே காங்கிரீட் பலகையை 600 மில்லிமீட்டருக்குப் பதில் 585 மில்லிமீட்டர் அகலமாக வார்த்தால், 600 மில்லிமீட்டர் டைல் சுவரிலிருந்து முன் ஓரம் வரை வெட்டே இல்லாமல் சரியாகப் பொருந்தும்.

வேலை செய்யும் முறை

காங்கிரீட் பலகையை நன்றாக நீராற்றுவது முதற்கடமை. சாதாரணச் சிமெண்டானால் குறைந்தது 7 நாட்களும், சாம்பல் முதலியன கலந்த சிமெண்டானால் குறைந்தது 10 நாட்களும் ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். பலகையின் முன் முகம் சென்டிரிங் பலகையில் பட்டு வழுவழுப்பாக இருக்கும். அதில் எண்ணெய்ப் பசையும் ஒட்டியிருக்கும். அப்படியே டைலை ஒட்டினால் பிடிக்காது. உளியால் கொத்திவிட்டு, கம்பி பிரஷால் தேய்த்துக் கழுவ வேண்டும்.

விட்ரிஃபைடு டைல் நீரை உறிஞ்சாததால் வெறும் சிமெண்டுப் பால் அதைப் பற்றிக்கொள்வதில்லை. இதனாலேயே பள்ளி மேடையின் பட்டைகள் விழுந்தன. பாலிமர் கலந்த டைல் பசையைப் பயன்படுத்த வேண்டும். பையின்மீது இந்தியத் தர எண் 15477 அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். டைலின் பின்புறத்தில் வெள்ளைத் தூள் படிந்திருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். அத்தூள் பசைக்கும் டைலுக்கும் இடையே நின்று பிடிப்பைக் கெடுக்கும்.

அடுத்து, பசையில்லாமல் டைல்களை மேடைமீது பரப்பிப் பாருங்கள். முழு டைல்கள் முன் ஓரத்திலும், வெட்டிய துண்டுகள் சுவரோரத்திலும் வர வேண்டும். பட்டைகளின் இணைப்புக் கோடுகள் மேல் டைல்களின் கோடுகளோடு நேராக நிற்க வேண்டும். சமையல் மேடையில் வேலை ஓரத்திலிருந்து தொடங்கிச் சுவரில் முடிய வேண்டும். சுவரில் தொடங்கி ஓரத்தில் முடிந்தால் மிச்சம் மீதித் துண்டுகள்தாம் ஓரத்துக்கு வந்து சேரும்.

முன் ஓரத்துக்கு நூல் கட்டி, ரசமட்டம் வைத்துச் சரிபார்க்க வேண்டும். பட்டைகள் அமர வேண்டிய கீழ் மட்டத்தில் ஒரு நேரான சட்டத்தை முட்டுக் கொடுத்து நிறுத்திக்கொண்டால் பட்டைகள் வழுக்கி இறங்கா. பல்லுள்ள கரண்டியால் காங்கிரீட்டின்மீது பசையைப் பரப்பி, பட்டையின் பின்புறத்திலும் மெல்லியதாகத் தடவி, அழுத்தி ஒட்ட வேண்டும். முதற்பட்டையை ஒட்டியவுடன் ஒருமுறை பெயர்த்தெடுத்துப் பாருங்கள். பின்புறம் முழுவதும் பசை படிந்திருந்தால் முறை சரி. இடையிடையே வெறுமை தெரிந்தால் பசை போதவில்லை என்று பொருள். இணைப்புக்கு 2 அல்லது 3 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும்.

ஒருநாள் முழுதும் காய்ந்த பின்னரே மேல் டைலைப் பதிக்க வேண்டும். மேல் டைலின் முனை பட்டையின் முகத்தோடு ஒரே நேராக நிற்கட்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அடிபட்டு உடையும். பிறகு சாணைக்கல்லைச் சாய்வாகப் பிடித்து, நீர் தெளித்து, கூர்முனையை ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத் தேய்த்துவிட வேண்டும். மேடையின் திறந்த மூலையைக் கூராக விடாமல் சாய்வாக வெட்டிவிடுவது குழந்தைகளுக்குப் பாதுகாப்பு. இதனைக் காங்கிரீட் வார்க்கும்போதே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

இணைப்புகளை வெள்ளைச் சிமெண்டால் அடைப்பது நம் வழக்கம். அது விரைவில் மஞ்சள் கறை ஏறி, புளியாலும் தயிராலும் அரிபட்டு உதிரும். எபாக்சி என்னும் இருபொருட் கலவை விலை கூடியதாயினும் கறையையும் புளிப்பையும் தாங்குவது. மேடை முழுவதுக்கும் இயலாவிடில், முன் ஓரத்துக்கும் பாத்திரம் கழுவும் தொட்டியின் சுற்றுக்கும் மட்டுமாவது அதைப் பயன்படுத்தலாம். வழிந்ததை உடனே துடைத்துவிட வேண்டும். இறுகிவிட்டால் நீக்குவது கடினம். மேடையும் சுவரும் சேரும் கோட்டில் மட்டும் வளைந்து கொடுக்கும் சிலிக்கான் பூச்சே நல்லது. இறுகும் பூச்சு அங்கே விரிசல் விடும்.

கொத்தனாரின் நலம்

டைல் அறுக்கும்போது எழும் வெண்புகை வெறும் தூசியன்று. அதில் சிலிக்கா என்னும் நுண்பொடி உண்டு. அது நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ் என்னும் நோயை உண்டாக்கும். அந்நோய்க்கு முற்றிலும் குணமளிக்கும் மருந்து இல்லை. நீர் விட்டுக்கொண்டே அறுத்தால் தூசி பெரிதும் அடங்கும். உலர அறுப்பதை ஊராட்சிப் பணிகளில் அனுமதிக்கலாகாது. முகத்திற் கட்டிய துண்டு இந்த நுண்பொடியைத் தடுக்காது. தகுந்த முகக்கவசமும் கண்ணாடியும் வேண்டும். மின்சாரக் கருவியின் அருகே நீர் இருப்பதால் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம் உள்ள இணைப்பிலிருந்தே மின்சாரம் எடுக்க வேண்டும்.

உறுப்பினர்கள் கவனிக்க வேண்டியவை

ஊராட்சி மன்ற உறுப்பினர்கள் தம் ஊரில் நடைபெறும் வேலையை மூன்று கட்டங்களில் பார்வையிட வேண்டும்.

முதலாவது, மதிப்பீட்டின்போது. "மேடையின் முன் ஓரம் முடித்தல்" என்பது தனி இனமாக, இத்தனை மீட்டர் நீளம் என்று எழுதப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். எந்த முறையில் முடிப்பது, எந்தப் பசை, எந்தப் பூச்சு என்பனவும் இருக்க வேண்டும். சதுர மீட்டர்க் கணக்கில் ஓரம் மறைந்துபோகும். நீள மீட்டர்க் கணக்கில்தான் அது கண்ணுக்குத் தெரியும்.

இரண்டாவது, வேலை நடக்கும்போது. பட்டை ஒட்டும் நாளன்று அரைமணி நேரம் அங்கே நில்லுங்கள். காங்கிரீட் கொத்தப்பட்டிருக்கிறதா, பசை முழுவதும் பரவுகிறதா என்பதை அன்றுதான் காண முடியும். ஒட்டிய பின் காண முடியாது.

மூன்றாவது, பட்டியலுக்குப் பணம் வழங்குமுன். இதற்கு இயந்திரம் எதுவும் தேவையில்லை. ஒரு நாணயத்தால் ஒவ்வொரு பட்டையையும் தட்டிப் பாருங்கள். 'டக்' என்று கெட்டியான ஒலி வந்தால் சரி, பானையைத் தட்டுவது போன்ற ஒலி வந்தால் உள்ளே வெற்றிடம் உண்டு. பழைய வேட்டித் துணியொன்றை ஓரத்தின்மீது இழுத்துப் பாருங்கள். நூல் எங்கே சிக்குகிறதோ அங்கே கையும் சிக்கும். ஒரு செம்பு நீரை மேடைமீது ஊற்றி, குனிந்து கீழே பாருங்கள். பட்டையின் கீழ்முனையிலிருந்து சொட்டினால் சரி, அடிப்புறமாக உள்ளே ஊர்ந்தால் தொங்கல் போதவில்லை. குறை கண்டால் திருத்தச் செய்து, பிறகே பணம் வழங்க வேண்டும்.

உடைந்த ஓரம்

ஏற்கெனவே உடைந்திருக்கும் ஓரத்தின்மீது சிமெண்டை அப்பி மறைப்பது பயனற்ற செயல். உடைந்த பட்டையைச் சுற்றியுள்ள இணைப்பை முதலில் ஆக்சா பிளேடால் கீறிப் பிரித்துக்கொள்ள வேண்டும்; இல்லையேல் அண்டைப் பட்டையும் சேர்ந்து உடையும். பின்னர் நடுவிலிருந்து தொடங்கிப் பெயர்த்து, பழைய கலவையை முழுவதும் சுரண்டிக் கழுவி, புதுப்பட்டையை மேற்சொன்ன முறையில் ஒட்ட வேண்டும். பழுது பார்க்கும் வரை உடைந்த முனையைத் துணியால் சுற்றிக் கட்டிவைப்பது ஒருநாளும் தள்ளிப்போடத் தக்கதன்று.

முடிவுரை

அந்தப் பள்ளி மேடையை மறுமுறை திருத்தியபோது, கிரானைட் பட்டை வைப்பதென்று முடிவு செய்தோம். வேலை தொடங்குமுன் அந்தச் சமையல் உதவியாளரையே அழைத்து, பாத்திரத்தை எப்பக்கம் இழுப்பார், கை எங்கே ஊன்றுவார், எந்த மூலையில் திரும்புவார் என்று செய்து காட்டச் சொன்னோம். அவர் காட்டிய இடங்களைக் கொத்தனார் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டார். வேலை முடிந்த பின் ஓரத்தைத் தட்டிப் பார்த்தேன், துணியை இழுத்துப் பார்த்தேன், நீரூற்றிப் பார்த்தேன். இறுதியில் அந்த அம்மையார், தையல் போட்ட வடு தெரியும் தம் உள்ளங்கையை ஓரத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை மெல்ல ஓட்டிப் பார்த்துவிட்டு, "இனிமே சரிங்க ஐயா" என்றார். அதன் பிறகுதான் நான் பட்டியலில் கையொப்பமிட்டேன்.

ஒவ்வோர் ஊராட்சியிலும் பள்ளிச் சமையற்கூடமும் அங்கன்வாடியும் உள்ளன. ஆண்டுதோறும் புதிய வீடுகளும் எழுகின்றன. அவற்றின் மேடைகளில் நம் தாய்மாரும் சகோதரிகளும் நாள்தோறும் பல மணி நேரம் நின்று உழைக்கிறார்கள். மூன்று டைல்களும் ஒருநாள் கவனமும் சேர்ந்தால் அவர்களுடைய கைகளைக் காக்கலாம். அடுத்த முறை ஒரு மேடையைப் பார்வையிடச் செல்லும் உறுப்பினர்கள், வரப்பைப் பார்க்கும் விவசாயியைப்போல் முதலில் அதன் ஓரத்தைப் பார்க்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.